வாடலுக்கு அஞ்சு

அந்தம்மாவிடம் ஒரு எண்ணைக் கேட்டால் எண் வராது. “இருங்க, எண்ணிட்டு வாரேன்” என்றுதான் வரும். சொன்னபடி போயும் விடுவார். கேட்டவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

முதல் நாள் என்னை நாற்பது நிமிடம் நிற்க வைத்தார். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ரோட்டை ஒட்டியிருந்த நர்சரி அது. பச்சை வலைக்குக் கீழே கறுப்பு பாக்கெட்டுகளில் ஒட்டு முந்திரிக் கன்றுகள் வரிசையாக நின்றன. புது இடத்தில் ஏதாவது பேசி வைக்க வேண்டுமே என்று, இது எத்தனை கன்று இருக்கும் என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் “கெடக்கும் ஒரு ரெண்டாயிரம்” என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரச் சொல்லியிருப்பார்கள். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வலைக்குள் போனார். திரும்பி வந்து, “ஆயிரத்து எழுநூத்து அறுவத்து மூணு. அதுல ரெண்டு கன்னு நாளைக்குத் தாங்காது” என்றார். நான் அதற்குள் என்ன கேட்டேன் என்பதையே மறந்திருந்தேன்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் பாதி மரங்களைப் படுக்கப் போட்ட அந்தப் புயலுக்குப் பிறகு, சாய்ந்ததை எல்லாம் திரும்ப நடுவதற்குக் கன்று கொடுக்கவென்று தொடங்கிய கம்பெனி. திருக்கோகர்ணத்தில் ஒரு மாடியில் ஆபீஸ், வல்லத்திராக்கோட்டையில் பண்ணை, நடுவே ஓடும் வண்டிகள். ஆபீசில் ஆர்டர் எடுக்க ஒரு சாஃப்ட்வேர், பண்ணையில் இருப்பு எழுத இன்னொன்று, வண்டிக்காரர்களின் போனில் மூன்றாவது. மூன்றும், பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி வீடுகள் மாதிரி, ஒன்றை ஒன்று ஏறிட்டுப் பார்க்காது. நடுவில் உட்கார்ந்து, இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் சொல்லி, எல்லா வீட்டிலும் ஒரே கதை ஓடும்படி செய்வதுதான் என் பிழைப்பு. என் மாமியாருக்கு ஒருதரம் இதை விளக்கினேன். இதற்குப் படிப்பு வேறு வேண்டுமா என்று கேட்டார்.

பண்ணையில் எனக்கு ‘கனெக்‌ஷன் சார்’ என்று பெயர். வண்டிக்கார அண்ணன் ஒருவர், தன் புது வீட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் சீக்கிரம் கிடைக்க வழி பண்ண முடியுமா என்று கேட்டார். என் வேலை அது இல்லை என்று சொன்னேன். மறுவாரமும் கேட்டார். செக் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். மாட்டேன் என்று சொல்வதைவிட அது சுலபம். இருபது வருஷ அனுபவத்தில் எனக்கு நன்றாகக் கைவந்த வாக்கியம் அதுதான்.

அந்தம்மா பண்ணைக்குப் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்று பின்னால் தெரிந்தது. நான் முதல் நாளிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டேன். மரியாதை கொஞ்சம், பயம் மிச்சம். புதுக்கோட்டையில் வரலாறு படித்தவர். நடந்து முடிந்ததை மட்டும் நம்புவது அங்கிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம்.

நாமெல்லாம் எண்களை ஜோடி ஜோடியாகப் பேசுகிறவர்கள். அஞ்சாறு பேர் வந்தார்கள், ரெண்டு மூணு நாள் ஆகும், பத்துப் பதினைந்து வீடு இருக்கும். அவருக்கு இது புரியவே புரியாது. “அஞ்சா, ஆறா?” என்பார். கிண்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வருகிற பெண்கள் இதனாலேயே அவரிடம் ஊர்க்கதை சொல்வதில்லை. சண்டை சூடு பிடிக்கும் இடத்தில், எத்தனை பேர் அடித்தார்கள் என்று கேட்டு எல்லாவற்றையும் ஆறப் போட்டுவிடுவாராம்.

ஒருநாள் வாய் சும்மா இல்லாமல், “ஒங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?” என்று கேட்டேன். “ரெண்டு” என்றார். இதுக்கு மட்டும் எண்ணிட்டு வர வேண்டாமா என்றேன். கன்றிலிருந்து கண்ணை எடுக்காமல், “காலையில ரெண்டு இருந்துச்சு” என்றார்.

அவர் எண்ணுகிற விதம் ஒன்று உண்டு. ‘ஒன்று’ என்று தொடங்கமாட்டார். நெல் அளக்கிறவர்கள் மாதிரி, முதலாவதை ‘லாபம்’ என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். கண்ணால் எண்ணுவது கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டின் விளிம்பையும் விரல் தொட வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால், விரலை அந்தப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு மற்றக் கையால் இரு என்று காட்டுவார். தப்பிவிட்டால் முணுமுணுக்காமல் மறுபடி லாபத்திலிருந்து வருவார்.

இதைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்குக் கை அரிக்காதா. ஒரு நாள் பின்னாலேயே போய், “நானூத்திப் பத்து, எண்ணூத்தி ரெண்டு, முன்னூத்தி ஏழு” என்று காதுபடச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மூன்று முறை தப்பியது. மூன்று முறையும் ஒரு வார்த்தை பேசாமல் லாபத்துக்குத் திரும்பினார். நான்காவது முறை வெளியே வந்து, “நீங்க எண்ணுங்க சார். நான் சும்மா பேசிக்கிட்டு மட்டும் வாரேன்” என்றார். உள்ளே இறங்கினேன். அவர், திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸில் அன்று காலை ஏறியவர்கள் யார், எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சாவதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அறுபதில் நான் தொலைந்துபோனேன். இரண்டாவது தடவையும் அறுபதுதான். “அறுவதுக்கு மேல ஒங்களுக்குப் போவாது போல” என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார். பண்ணைப் பெண்கள் ஒரு வாரம் என்னைப் பார்த்தபோதெல்லாம் சிரித்தார்கள்.

வேலை தொடங்கின வாரமே அவர் எனக்கு ஒன்று சொல்லியிருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுக் கொல்லையில் கன்று வளர்த்துக் கம்பெனிக்குக் கொடுக்கிற குடும்பங்கள் உண்டு. நூறு கன்று கேட்டால் அவர்கள் நூற்று ஐந்து ஏற்றிவிடுவார்கள். வழியில் வாடுவதற்காக அந்த ஐந்து. யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் கொடுக்காமல் இருப்பதுமில்லை. அதற்கு ‘வாடலுக்கு அஞ்சு’ என்று பெயர். வண்டிக்காரர் ஏற்றினதைத் தன் போனில் நூற்று ஐந்து என்று போடுவார். பண்ணையில் இறக்கும்போது அந்தம்மா தொட்டுப் பார்த்து, வாடினதும் வாடத் தொடங்கினதுமாக ஐந்தைக் குழிக்குத் தள்ளிவிட்டு, நூறு என்று ஏற்றுவார்.

“வண்டியில நூத்தி அஞ்சுன்னு இருக்கும், என்கிட்ட நூறுன்னு இருக்கும். ரெண்டும் சரிதான் சார். பாத்துக்கங்க.”

நான் சிரித்தேன். ஒரே லோடுக்கு ரெண்டு எண்ணும் சரியா இருக்க முடியாதுக்கா, அதைச் சரி பண்ணத்தான் என்னையே கூப்பிட்டிருக்காங்க என்றேன். பெருந்தன்மையாக நோட்டில் குறித்தும் வைத்தேன். அதோடு மறந்தேன்.

மூன்றையும் இணைத்து முடித்தபோது, எம்.டி.யின் அறையில் பெரிய திரை ஒன்று மாட்டி, பண்ணை இருப்பை அதில் ஓட விட்டேன். வண்டிக்கணக்கும் பண்ணைக்கணக்கும் ஒத்துவராத இடங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. எனக்கு வித்தியாசம் என்றாலே உடம்புக்கு ஆகாது. ஒரு விதி எழுதினேன்: இரண்டும் வேறுபட்டால் வண்டியை நம்பு. ஏனென்றால் வண்டிக்காரர் போனில் நேரம் பதிகிறது, இடம் பதிகிறது. அந்தம்மா கணக்கில் என்ன பதிகிறது, அவருடைய விரல்தானே. அன்று மாலையே வித்தியாசம் பூஜ்யம் ஆனது. அதற்குப் பிறகு தினமும் பூஜ்யம். எம்.டி. மனம் மகிழ்ந்து எனக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார். அந்தம்மா தன் கணக்கைப் பண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு நோட்டிலும் எழுதிக்கொள்வார். ஆபீஸ் மாடியில் இருக்கிற திரையை அவர் எங்கே பார்த்தார்.

இரண்டரை மாதம் போயிற்று. நல்ல மழை விழுந்த ஒரு சனிக்கிழமை காலை, கந்தர்வக்கோட்டையில் குழி வெட்டிக் காத்திருந்த விவசாயிகளுக்கு மூவாயிரம் கன்று ஏற்றப் போன வண்டி பாதிகூட நிரம்பாமல் நின்றது. திரையில் மூவாயிரத்து எண்பத்து நாலு. பண்ணையில் ஆயிரத்து நூற்று அறுபத்து நாலு. மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கன்று எங்கே?

கேள்வி நேராக அந்தம்மாவிடம் போய் நின்றது. பண்ணைச் சாவி அவரிடம், நோட்டு அவரிடம். போதாததற்கு அவர் தம்பிக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு. போன மழைக்குத்தான் புதுக் கன்று வைத்திருந்தார். விற்பனை மேனேஜர் இதை மூச்சு விடாமல் எம்.டி.யிடம் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். கன்று வெளியே போயிருந்தால் அந்தம்மா வெளியே போக வேண்டியதுதான் என்று எம்.டி. சொன்னார். ஊர் அறிய அனுப்ப மாட்டார், அவ்வளவுதான் சலுகை. ஆனால் திருடி என்ற பெயரை ஊருக்குச் சொல்ல எம்.டி. தேவையில்லை.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். கண்டுபிடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. நம்புவதற்கு ஆபீஸ் டாய்லெட்டில் இருபது நிமிடம். எண்ணூறு கன்றுக்கு நாற்பது, ஆயிரத்துக்கு ஐம்பது என்று, குழிக்குப் போன வாடல்களை எல்லாம் என் விதி உயிரோடு திரையில் நட்டு வைத்திருந்தது. என்ன ஆச்சு என்று மூன்று பேர் கேட்டார்கள். எம்.டி.யிடம் சர்வர் என்றேன், மேனேஜரிடம் நெட்வொர்க் என்றேன், வீட்டில் மனைவியிடம் வாயு என்றேன். ஊரிலுள்ள கம்பெனிகளை எல்லாம் ஒரே பேச்சு பேச வைக்கிறவன், ஒரே மத்தியானத்தில் மூன்று இடத்தில் மூன்று பேச்சு. மனைவி மட்டும் நம்பி ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை என்பது சனிக்கிழமையிலிருந்து பார்க்கும்போது தைரியமான நாளாகத் தெரிந்தது.

அதற்கு முன்னால் ஞாயிறு வந்துவிட்டது. தம்பி தோப்பில் எத்தனை புதுக் கன்று நிற்கிறது என்று எண்ணிவர மேனேஜரை அனுப்பினார் எம்.டி. “கம்ப்யூட்டர்ல ஏத்தணும், நீங்களும் கூடப் போங்க” என்று என்னையும் அனுப்பினார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். இறங்கிக்கொள்ள வழியில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. ஒவ்வொரு ஊரும் தாண்டும்போது, அடுத்த ஊரில் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

தோப்பில், விவசாயத்துக்கு சர்வே எடுக்க வந்திருக்கிறோம் என்று மேனேஜர் பொய் சொன்னார். அந்தத் தம்பி நல்ல மனிதர், சந்தோஷமாக வழி காட்டினார். மேனேஜர் அங்கிட்டு இரண்டு வரிசையை எடுத்துக்கொண்டு, என்னை இங்கிட்டு விட்டார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. தொலைந்துபோனேன். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அறுபது. பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்குப் பொறுக்கவில்லை. “செரமப்படாதீங்க சார். மொத்தம் நூத்திப் பன்னெண்டு. எங்க அக்கா எண்ணி ஏத்திவிட்டது, பில்லு வீட்ல இருக்கு” என்றார். புறப்படும்போது, சுட்ட முந்திரிப் பருப்பு ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வருமோ என்று வாங்கிக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முழுவதையும் தின்றும் விட்டேன். பயத்தில் எனக்குப் பசிக்கும்.

நூற்றுப் பன்னிரண்டுதானே இருக்கிறது என்று மேனேஜர் ஆறுதல் அடையவில்லை. அப்போ மிச்சத்தை வித்திருக்காங்க என்றார்.

திங்கட்கிழமை காலை, பண்ணைச் சாவிக்கொத்தை மேனேஜர் கேட்டார். அந்தம்மா இடுப்பிலிருந்து எடுத்து, பதினோரு சாவிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, பதினொன்று என்று ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். தண்ணீர் ஊற்றுகிற பெண்கள் அவர் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். நான் வாயு என்று சொல்லி மத்தியானமே வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, தூறலில், யாரும் சொல்லாமலே பண்ணை முழுவதையும் அவர் எண்ணினார். நான் ஷெட்டுக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்து, வலைக்கு அடியில் அந்தக் கை ஒவ்வொரு பாக்கெட்டாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் இருந்ததற்கும் நிலத்தில் இருந்ததற்கும் ஒரு கன்றுகூட வித்தியாசம் இல்லை. அன்றைக்கும் நான் செக் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

புதன்கிழமை எம்.டி. அறை. அந்தம்மா டவுன் பஸ்ஸில் வந்து, கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தார். எம்.டி. கோபப்படவில்லை. பேசி முடிச்சுக்கலாம்மா, வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. அந்தம்மா நோட்டை விரித்தார்.

“ரெண்டரை மாசத்துல வந்த கன்னு முப்பத்தெட்டாயிரத்து நானூறு. குறையுதுங்குறது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவது. நூத்துக்கு அஞ்சு சார். ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. திருடுறவன் நூத்துக்கு அஞ்சுன்னு எண்ணியா சார் எடுப்பான்?”

எம்.டி. என் பக்கம் திரும்பினார். சாஃப்ட்வேரில் ஏதாவது இருக்குமா என்றார்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். இருபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“செக் பண்ணிட்டுச் சொல்றேன் சார்.”

இதுல செக் பண்ண என்ன இருக்கு, இருக்கா இல்லையான்னு இப்பவே சொல்லுங்க என்றார் மேனேஜர். அவரை அந்தம்மாதான் தடுத்தார்.

“எண்ணிப் பாக்காம எப்படி சார் சொல்லுவாரு? போய்ப் பாத்துட்டே வரட்டும். நான் இருக்கேன்.”

எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடுவது போல உட்கார்ந்தேன். பக்கத்தில் என் நோட்டு. வேலை தொடங்கின வாரத்துப் பக்கத்தில் என் கையெழுத்து: ‘வண்டி 105, பண்ணை 100. இரண்டும் சரி என்கிறார்.’ கீழே ஒரு சிரிக்கிற முகம் வேறு வரைந்திருந்தேன். கண்ணாடித் தடுப்பு வழியாக அந்தம்மா தெரிந்தார். எம்.டி. போன் பேசிக்கொண்டிருந்தார், மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. அலமாரியில் இருந்த ஃபைல்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் வந்து உண்மையான எண்ணைச் சொல்வேன் என்று காத்திருக்கிற ஒருவர், காத்திருக்கும் நேரத்தில் செய்கிற வேலை.

பத்து நிமிடத்துக்கு மேல் நடிக்க முடியவில்லை. திரும்பப் போய், தப்பு என்னுடையது என்றேன். வாடலுக்கு அஞ்சு, வண்டியை நம்பு என்ற விதி, திரையில் நிற்கிற செத்த கன்றுகள், எல்லாவற்றையும் சொன்னேன்.

எப்பத் தெரிஞ்சது என்று கேட்டார் எம்.டி.

“சனிக்கிழமையே தெரியும் சார். நாலு நாளாச்சு.”

அந்தம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினார். என்னைத் திட்டத்தான் என்று நினைத்தேன். அவர் விரலை மடக்கினார்.

“சனி லாபம். ஞாயிறு ரெண்டு. திங்கள் மூணு. செவ்வாய் நாலு. புதன் அஞ்சு.” மடக்கின கையைக் காட்டினார். “அஞ்சு சார். ஞாயித்துக்கிழமைய விட்டுட்டீங்க.”

நான் எம்.டி.யைப் பார்த்தேன்.

“தோப்புக்கு வந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அறுவதுக்கு மேல எண்ண வரலைன்னு தம்பி சொன்னான்” என்றார் அந்தம்மா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு லோடு சரிபார்க்கிற குரல்.

எத்தனை நாளுங்க, என்று எம்.டி. என்னிடம் மறுபடி கேட்டார்.

“அஞ்சு” என்றேன்.

அந்த மாதத்தோடு அங்கே என் வேலை முடிந்தது. ரொம்ப நாள் கழித்து, கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் வரவில்லை என்று வண்டிக்கார அண்ணன் போன் பண்ணினார். பேச்சோடு பேச்சாக, அந்தப் புதன்கிழமை சாயங்காலம் மேனேஜரே பண்ணைக்கு வந்து சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னார். மனசுல வச்சுக்காதீங்கம்மா என்று மேனேஜர் ஏதோ ஆரம்பித்தாராம். அந்தம்மா இரு என்று கையைக் காட்டிவிட்டு, சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, பதினொன்று முடிந்த பிறகுதான் நிமிர்ந்து, “சொல்லுங்க” என்றாராம்.